அக்கா கொடுத்த சிறுநீரகம்

அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய லிஃப்ட் மெக்கானிக்குக்கு வலியை விடப் பெரிய தொல்லை, நலம் விசாரிக்க வந்தவர்கள்தான்.

அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது அக்கா. அவர் குடியிருக்கும் அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்துகொண்டு கீழே தையல் கடை நடத்துபவள். தம்பி தனிக்கட்டை என்பதால் சாப்பாடும் அவள் வீட்டிலிருந்துதான்.

டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளை அணுக்களுக்கு நம்முடையது எது, வெளியாள் எது என்று பார்ப்பதே வேலை. கிருமி நுழைந்தால் அடிக்கும். அக்காவின் சிறுநீரகமும் அவற்றுக்கு வெளியாள்தான்; கூடப் பிறந்தவள் என்ற தாட்சண்யமெல்லாம் கிடையாது. அதனால் அவற்றை அடக்கி வைக்க ஆயுளுக்கும் மாத்திரை போட வேண்டும். அடங்கிக் கிடக்கும் அணுக்கள் கிருமியோடும் அரைகுறையாகத்தான் சண்டை போடும். ஆகவே சளி, இருமல் உள்ளவர்கள் கிட்டே வரக் கூடாது.

இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் மெக்கானிக்குக்கு நாக்கு வறண்டுவிட்டது. தலையாட்டிவிட்டு அப்புறம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அக்கா இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். அவள் கடையில் இருந்த ஒரு மத்தியானம் சித்தப்பா வந்தார், இருமிக்கொண்டே.

அவரை வெளியே நிற்கச் சொல்ல மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை. சித்தப்பா சோபாவில் சாய்ந்து, எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமாம், ஒரு பொடி டப்பாவை நீட்டினார். பிறகு மாத்திரை அட்டையோடு இருந்த காகிதத்தைப் பிரித்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எதிர்ப்பு சக்தியக் குறைக்கும்னு இதுலயே போட்டிருக்கான். காசு குடுத்து யாராவது நோய வாங்குவாங்களாப்பா?"

சித்தப்பாவின் சளி அடுத்த சில நாளில் மெக்கானிக்குக்கு வந்து சேர்ந்தது. ஏற்கெனவே மாத்திரையால் முகம் உப்பியிருந்தது, ஸ்குரூ டிரைவரைப் பிடித்தால் கை நடுங்கியது. எரிச்சலில், சளி விடும்வரை மட்டும் என்று மாத்திரையை நிறுத்தினார். பொடியையும் அவர் தொடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. சளி விட்டது. உடம்பும் லேசானதுபோல் இருந்தது. மாத்திரையை மறுபடி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. அக்கா கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றினாள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்த டாக்டர், வெள்ளை அணுக்கள் சிறுநீரகத்துக்குள் புகுந்து தாக்கத் தொடங்கிவிட்டன என்றார். மாத்திரை விட்டுப்போயிற்றா என்று கேட்டார். மெக்கானிக் உண்மையைச் சொன்னார்.

அறைக்கு வெளியே வந்ததும் அக்கா சத்தம் போடவில்லை.

"உன் உடம்புக்கு என்னத் தெரியாது, அடிக்குது. அதக் குத்தம் சொல்ல முடியாது. உனக்கு என்னத் தெரியும்லடா?"



பலமான ஊசிகள் போட்டார்கள். சிறுநீரகம் பிழைத்தது, ஆனால் பழைய பலம் முழுதாகத் திரும்பவில்லை. இதுவே அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அக்கா சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அவர் துண்டிக்கும்வரை பொறுமையாகப் பேசினாள். ஒரு கிட்னி கொடுத்துவிட்டோம் என்ற திமிர் அவளுக்கு என்று அவர் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்.

மெக்கானிக் முகக்கவசத்தோடு வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே லிஃப்டுக்குள் ஒருவர் அவர் தோள்மேல் தும்மிவிட்டு, பயப்படாதீங்க, வெறும் அலர்ஜிதான் என்றார். மெக்கானிக் அடுத்த தளத்திலேயே இறங்கி, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம் அதை அக்காவிடம்தான் முதலில் காட்ட வேண்டும். அவள் தையல் மிஷினை நிறுத்தாமல் ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.