சத்தத்துக்குப் பிறகு எங்கே பார்ப்பது?

நாங்கள் வாழும் ஜெர்மானிய நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது. சத்தம் வருமாம். முதல் வருடம் இதைக் கேட்டுச் சிரித்தேன். எங்கள் ஊரான ஏழாயிரம்பண்ணையிலும் ஞாயிறு அமைதிதான் என்பது பிறகுதான் உறைத்தது. அன்று பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. அக்கா வீட்டில் இருப்பாள். மற்ற நாட்களில் பெரிதாக ஏதாவது வெடித்தால் தெருவே வாசலுக்கு வந்து புகை தேடும். அப்போது படித்துக்கொண்டிருந்த நான் கம்பெனி ஆபீஸுக்குப் போன் போடுவேன். "ஒங்க அக்கா நல்லாத்தான் இருக்காக. எம்புட்டுப் பேருக்கும்மா நான் சொல்லுவேன்?" என்று கணக்குப்பிள்ளை அலுத்துக்கொள்வார். அதன் பிறகுதான் எனக்குப் பாடம் ஓடும்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் பலூன் வெடித்தது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். என் நான்கு வயது மகள் யாழினி ஜன்னலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தாள். பிறகு என் பையிலிருந்து போனை எடுத்துவந்து, "பெரியம்மாவுக்குப் போடும்மா" என்றாள். அவளுடைய கிண்டர்கார்டன் ஆசிரியை பெட்ரா மறுநாள் என்னைத் தனியே அழைத்தார். கிண்டர்கார்டனிலும் அப்படித்தான் செய்கிறாளாம். பள்ளியில் சேர்க்கும் முன் ஆலோசகர் ஒருவரிடம் காட்டலாமே என்றார். தயங்கித் தயங்கி, "உங்கள் ஊரில் போர் நடக்கிறதா?" என்றும் கேட்டார். "இல்லை, பட்டாசு செய்கிற ஊர்" என்றேன். "அப்படியானால் தினமும் திருவிழாதான்!" என்று முகம் மலர்ந்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வீடு வரும்வரை அது சரியா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இத்தனைக்கும் நான் நினைவாற்றலை ஆராயும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு வாயில் உண்டு. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து தட்டினால் மட்டும் போதாது, அது திறக்காது. வாயிலுக்கு உள்ளே இருக்கும் நரம்பணுவும் அதே நேரம் கிளர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அடைத்து நிற்கும் மக்னீசியம் விலகிக் கால்சியம் பாயும். உடனே செய்தியை வாங்கும் புதிய ஏற்பிகள் மேலே வந்து நிற்கும். அடுத்த முறை மெல்லத் தட்டினாலே போதும். இது திரும்பத் திரும்ப நடந்தால் மரபணுக்கள் விழித்து, புரதம் செய்து, இணைப்பைக் கெட்டியாக்கிவிடும். வெறும் சத்தம் யாழினிக்கு எதையும் கற்றுத்தந்திருக்காது. ஒவ்வொரு சத்தத்தின்போதும் பக்கத்தில் என் முகமும், அக்காவுக்குப் போன் போடும் என் கையும் இருந்திருக்கின்றன.

விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். முதல் நாள் மதியமே 'டமார்'. நான் வாசலில், யாழினி போனோடு என் பின்னால். எங்களுக்காக லீவு போட்டிருந்த அக்கா பூண்டு உரித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி மூணு. தெனமும் இந்நேரம் யாவாரிக்குச் சாம்பிள் வெடி போட்டுக் காட்டுதாக. ஆத்தாளும் மகளும் எதுக்கு இப்படி மிரளுதீக?"

"ஒனக்குப் பயமே இல்லையாக்கா?"

"பயமில்லாம என்ன? மூணு மணிக்குக் கேட்டா பயப்படாத. மத்த நேரம் நல்லா பயந்துக்கோ."

பத்து நாளில் யாழினி தேறிவிட்டாள். மணி பார்க்கத் தெரியாது, ஆனாலும் சத்தம் கேட்டதும் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, "சாம்பிள்!" என்று அறிவித்துவிட்டு முறுக்கைக் கடிப்பாள். எனக்குத்தான் புதுக் கவலை. பழைய பயம் அழிவதில்லை. அதன்மேல் 'ஆபத்தில்லை' என்று இன்னொரு பாடம் ஏறுகிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடம் மாறினால் பழையது தலைதூக்கும். விமானத்தில் என் மடியில் தூங்கியவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திரும்பிய பின் வந்த சனிக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறுக்கு முன்பே முடித்துவிடுவோம் என்று கூடை நிறைய பாட்டில்களைத் தொட்டியில் கொட்டினார். யாழினி சமையலறைக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சாம்பிள்மா" என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவப் போய்விட்டாள். பெட்ராவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. ஊரில் சரியாக மூன்று மணி.

நான் நின்று பார்த்த இடம் ஜன்னல் ஓரம். சத்தம் கேட்டதும் எடுத்த போன் என் கையில் இருந்தது.