கல்யாணப் படத்தின் அட்டையில் ஓடிய கார்

"வீசாதீங்க பாஸ்!"

போன வியாழக்கிழமை நோர்வூட் கராஜில் நான் போட்ட சத்தத்தில், அங்கே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியே விட்டது. என் காரின் எஞ்சினிலிருந்து ஓர் அட்டை பேக்கிங்கைக் கழற்றி மூலைக்கு எறியப் போன மெக்கானிக், தூக்கிய கையோடு நின்றார்.

"மே குணு!" என்றார். இது குப்பை என்று அர்த்தம்.

குப்பையா? அந்த அட்டையின் பெருமை அவருக்கு எப்படித் தெரியும்... உங்களுக்குச் சொல்கிறேன்.

பத்திரிகையின் இந்த மூலையை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வாகனத்தைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி — ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஹயர் கார்களிலேயே வயதில் மூத்தது அதுதான். நின்ற இடத்தில் எண்ணெயால் ஒரு புள்ளி வைக்காமல் நகராது. அடுத்த சவாரிக்காரர், நான் எங்கே நின்றேன் என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எஞ்சினில் இரண்டு இரும்பு சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் நடுவே வைப்பதுதான் பேக்கிங். கடைச் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். வரும்வரை கார் நிற்கும். கார் நின்றால் வீட்டில் அடுப்பு எரியுமா? அதனால் நானே வெட்டிக்கொள்வேன். காலண்டர் அட்டை, சப்பாத்துப் பெட்டி, எது கிடைத்தாலும் சரி. இரண்டு பக்கமும் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துப் பூட்டினால், எண்ணெய் வெளியே எட்டிப் பார்க்காது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு புருஷனும் பெண்சாதியும் ஓடி வந்து என் காரில் ஏறினார்கள். கருப்பையா, தேயிலைத் தோட்டத்தில் செடியின் தலையைச் சீவிக் கவ்வாத்து வெட்டுகிறவர். மாரியாயி, கொழுந்து எடுக்கிறவர். இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு பிள்ளையை உட்கார வைத்த மாதிரி, ஒரு தகரப் பெட்டி.

"நுவரெலியாவுக்குப் பத்து மணிக்குப் போயிறலாமுங்களா அண்ணே? பிரஜாவுரிமை விசாரணைங்க. பேரு கூப்புடுறப்ப நாங்க இல்லாட்டி..."

மாரியாயி முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே பிள்ளை பெற்றவர்கள், நாங்களும் இந்த நாட்டார்தான் என்று காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டிய காலம் இது. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் விண்ணப்பம் போனதுதான். நாடு இல்லாத ஆளாகத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, திரும்ப வேண்டும்.

தலவாக்கலை தாண்டி ஏற்றத்தில், குப்பென்று புகை!

பொனட்டைத் தூக்கினேன். டாப்பட் கவர் — அது எஞ்சினின் விலாவில் இருக்கும் ஒரு தகர மூடி — அதன் பேக்கிங் பிய்ந்து, எண்ணெய் சூடான குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது. இப்படியே ஓட்டினால் ஏற்றம் முடிவதற்குள் எஞ்சின் இறுகிவிடும். டப்பாவில் எண்ணெய் இருந்தது. கைகழுவச் சவர்க்காரம் இருந்தது. அட்டை? முந்தின வாரம்தான் கடைசித் துண்டையும் வேறோர் ஒழுகலுக்குக் கொடுத்திருந்தேன்.

"அட்டை மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன்.

மாரியாயி பெட்டியைத் திறந்தார். அம்மாடி! பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அரிசிக் கூப்பன், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலின் நகல் — இவை சரி. மருந்துப் போத்தல் லேபிளும் மாரியம்மன் திருவிழா நோட்டீசும் எதற்கு?

"இதையெல்லாம் வீசியிருக்கலாமே அக்கா?"

"எங்க லயத்துல காயிதத்த வீச மாட்டோமுங்க. எது வேணும், எது வேணாமுனு கேக்குறவங்களுக்குத்தான தெரியும்?"

தடிப்பாக இருந்தது ஒன்றே ஒன்று. ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்த அவர்களுடைய கல்யாணப் படம், பெரிய அட்டையில் ஒட்டியது. என் கண் அதில் போவதை அவர் பார்த்துவிட்டார். பிறகு கொண்டை ஊசியை உருவினார். படத்தை நாலு மூலையில் மட்டும்தான் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மூலையாக நெம்பி எடுத்து, படத்தை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு அட்டையை என்னிடம் நீட்டினார்.

"ஆளுங்க எங்கிட்ட இருக்காங்க. அட்டைய நீங்க வச்சுக்கங்க."

கவரின் எண்ணெய் விளிம்பை அட்டையில் அழுத்தினேன். அச்சு அப்படியே விழுந்தது. நான் சவரப் பிளேடை எடுத்ததும், வெட்டுவது தன் தொழில் என்று கருப்பையா அதை வாங்கிக்கொண்டார்.

"சாய்ச்சு வெட்டவாண்ணே? கவ்வாத்துல தண்ணி வழியணும்னு சாய்ச்சுத்தான் வெட்டுவோம்."

"ஐயா சாமி, இங்க வழியக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடு! நேரா வெட்டுங்க."

சிரித்துக்கொண்டே வெட்டினார். வருஷக்கணக்கில் தேயிலைச் செடியோடு பழகிய கை... கோடு ஒரு நூல் பிசகவில்லை. சட்டம் போல ஓரம் தனியாக வந்தது. சவர்க்காரம் தேய்த்தேன், பூட்டினேன், எண்ணெய் ஊற்றினேன். நடுவில் மிஞ்சிய துண்டை மாரியாயியிடம் கொடுத்து, "இது குப்பை, பள்ளத்துல போடுங்க" என்றேன்.

நானுஓயா வரை ஒரு சொட்டு இல்லை. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நுவரெலியாவில் விசாரணை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது! பெருமை தாங்காமல் நானும் உள்ளே போய்க் கதவோரம் நின்றேன்.

அதிகாரி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஓரிடத்தில் பேனாவை வைத்தார். பக்கத்திலிருந்த கிளார்க் தமிழில் சொன்னார்: "உலக யுத்தத்துக்கு முந்தின ஒரு வருஷத்துக்கு அத்தாட்சி இல்லையே. அப்போ இந்தியாவுக்குப் போயிருந்தீங்களா?"

"நாங்க எங்கயும் போகலீங்க. தோட்டம் மாறுன வருசம். அந்த வருசந்தான் எங்களுக்குக் கலியாணம்."

மாரியாயி படத்தைக் கொடுத்தார். அதிகாரி திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

"எப்போ எடுத்ததுன்னு எழுதியில்லையே?" என்றார் கிளார்க்.

அட்டையின் பின்னால் ஊதா மையில் ஏதோ ஒரு முத்திரை இருந்ததே... நான் அதைப் படிக்கக்கூட இல்லை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான், குப்பை என்று சொன்னவனும் நான்தான். என் காரைக் காப்பாற்ற இவர்களுடைய நாட்டையே வெட்டிவிட்டேனா?

மாரியாயி பெட்டியை மறுபடி திறந்தார். அடியிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நடுத்துண்டு! பள்ளத்தில் போடச் சொன்ன அதே துண்டு. என் பெருவிரலின் கறுப்பு அச்சு ஒரு பக்கம். மறுபக்கம் ஸ்டூடியோ முத்திரை, கீழே மையால் எழுதிய தேதி. அந்த வருஷமேதான்.

அதிகாரி படத்தை அட்டைமேல் வைத்துப் பார்த்தார். நாலு மூலைப் பசைத் தடமும் நாலு மூலையோடு பொருந்தியது. பிறகு மூக்கைச் சுளித்தார்.

"ஏன் எண்ணெய் வாடை? ஓரம் எங்கே?" என்று கிளார்க் மூலம் கேட்டார்.

"ஓரம் இந்த அண்ணன் காருல இருக்குங்க" என்று மாரியாயி என்னைக் கைகாட்டினார்.

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டு, எழுதினார்.

நான் வெட்டிய பேக்கிங் என்று அதுவரை எனக்கு இருந்த கர்வம் போன இடம் தெரியவில்லை. அட்டை கொடுத்தவர் ஒருவர், பிளேடு பிடித்தவர் ஒருவர். நான் தேய்த்தது சவர்க்காரம் மட்டும்தான். ஆனால் ஒன்று சொல்வேன். அன்றைக்கு அந்த வாசலில் நின்ற வேறெந்தக் காரிலும் என் காரில் வந்தவர்களைப் போல யாரும் வரவில்லை. எங்கள் ஆட்களை நினைத்து எனக்கு அத்தனை பெருமை.

போன மாதம் மாரியாயி ஸ்டேஷன் வாசலுக்கே வந்தார். பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து, கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, அந்த ஓரத்தையும் குடுத்துருங்க."

"அதான் எல்லாம் கிடைச்சிருச்சே அக்கா, இனி எதுக்கு?"

"இன்னொரு நாளைக்கு எதக் கேப்பாங்கனு யாருக்குத் தெரியும்?"

அதைக் கழற்றத்தான் அந்த நோர்வூட் கராஜ். சவர்க்காரம் தேய்த்திருந்ததால் ஓரம் பிய்யாமல் முழுசாக வந்தது. துடைத்து, தாளில் சுற்றி, லயத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது என் காரில் இருப்பது கொழும்பிலிருந்து வந்த புத்தம் புதுக் கடை பேக்கிங் — லேசாக ஒழுகுகிறது.