அருள்தாஸின் கிட்டாரும் நான் எழுதிய பேனரும்

அருள்தாஸ் இறந்த செய்தி வந்தபோது நான் ஏணியின் மேல் நின்றிருந்தேன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்குப் புதுப் போர்டு எழுதும் வேலை. ‘முகூர்த்தப் பட்டு’ என்பதன் கடைசி எழுத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். தாஸின் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் வந்து கீழே நின்றார். “ஆர்ட்டிஸ்டு, எறங்குப்பா. தாஸு பூட்டாம்பா, காலைல,” என்றார். நான் உடனே இறங்கவில்லை. அந்த எழுத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். கை தானாக எழுதியது. அந்தக் கையை என்ன செய்வதென்று இந்த ஒரு மாதமாக எனக்குத் தெரியவில்லை.

இரங்கல் கட்டுரையில் ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்கிறார், இந்த மலரைத் தொகுக்கும் நண்பர். பதினைந்து வருஷம் வாடா போடா என்று பழகியவனை, செத்துப்போன குற்றத்துக்காக ‘அவர்’ ஆக்க எனக்கு மனம் வரவில்லை. ‘அவன்’ என்றே எழுதுகிறேன். இதைப் படிக்கப்போகும் நீங்கள் எல்லோரும் ஒருமுறையாவது அவன் கிட்டாரைக் கேட்டவர்கள். உங்களிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அவன் மஞ்சள் காமாலையில் செத்தான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்புக்கு வந்தது அதுதான். அவன் பிழைப்பு அதற்கு ஆறு வருஷம் முன்பே செத்துவிட்டது. அதைக் கொன்றவன் நான்.

தாஸ் ஐயம்பேட்டைக்காரன். அவன் அப்பா பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவன் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பெட்டிக்கடை அளவு இடத்தில் கடை போட்டான். கிட்டாரை மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கி வந்தான். அதற்கு மின்சாரம் கொடுத்தது அவன் கைவேலை. டெலிபோன் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தம், பழைய வால்வு ரேடியோவைப் பிரித்துச் செய்த ஆம்ப்ளிஃபயர். சத்தம் கரகரவென்று உடைந்து வரும். ரிப்பேர் செய்கிறவனுடைய கிட்டாரே ரிப்பேரா என்று கேலி செய்வோம். “ஒடைஞ்சாத்தாம்பா உள்ள இருக்கிறது வெளியே வரும்,” என்பான்.

ரிப்பேருக்கு வந்த ரேடியோக்களில் சிற்றலையைத் திருப்பித் திருப்பித்தான் அவன் அந்த இசையைப் பிடித்தான். ப்ளூஸ் என்று அதற்குப் பெயர், அமெரிக்காவில் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பு ஜனங்களின் பாட்டு, பின்னால் வந்த பையன்கள் அதில் ட்ரம்ஸைச் சேர்த்து முறுக்கேற்றிவிட்டார்கள் என்றெல்லாம் எனக்குச் சொன்னவன் அவன்தான். இங்கிலீஷ் அவனுக்கு அவ்வளவாக வராது. எப்படிப் புரிகிறது என்று கேட்டேன். “எங்கப்பா ஏர் ஓட்டிக்கினு பாடினதுதாம்பா இது. கரண்ட்டு மட்டுந்தான் புதுசு,” என்றான். சாயங்காலமானால் நாங்கள் நாலு பேர் அந்தக் கடை வாசலில் கூடிவிடுவோம். தறி வேலை முடித்து வருகிற இரண்டு பேர், ஒரு பஸ் கண்டக்டர், நான். அவனுக்கு இருந்த ரசிகர் மன்றம் அவ்வளவுதான்.

சோறு போட்டது வேறு. ஒரு மெல்லிசைக் குழுவோடு சேர்ந்து கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசிப்பான். முகூர்த்த மாதங்களில் வாசித்தால்தான் மேரி வீட்டில் அடுப்பு எரியும். மேரி அவன் மனைவி. எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். ஊரார் கல்யாணத்தால் பிழைக்கிற ஊர். எங்கெங்கோ நடக்கிற கல்யாணங்களுக்கு இங்கே வந்துதான் கூறைப் புடவை எடுக்கிறார்கள். கடைக்குள் யாராவது தும்மினால்கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த புடவையைப் பிரிப்பார்கள். பத்து வருஷமாக அந்தக் கடைகளுக்குப் போர்டு எழுதுகிற எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன் என்றும் இல்லை.

நான் சொல்லவந்த கச்சேரி ஆறு வருஷம் முன்பு பிள்ளையார்பாளையத்தில், பத்துப் பன்னிரண்டு தறி வைத்திருந்த ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் நடந்தது. பந்தலில் நல்ல கூட்டம். நான்காவது பாட்டில் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் வெந்நீர் குடிக்கப் போனார். நான் நாற்காலிமேல் ஏறி நின்று, “தாஸ்! உன்னோடதை வாசிடா!” என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். “இங்க வாணாம்பா,” என்றான். நான் விடவில்லை. மன்றத்து ஆட்கள் விசில் அடித்தார்கள். பெல்பாட்டம் போட்ட பையன்கள் நாலு பேர் என்னவென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். ஊதுகிற சங்கை ஊதினேன், விடிந்தது அவனுக்கு.

முதலில் வேகமாகத்தான் தொடங்கினான். ட்ரம்ஸ்காரர் பிடித்துக்கொண்டார். பையன்கள் துண்டை மேலே எறிந்து ஆடினார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு வந்து நின்றார். காலையில் தாலிகட்டுக்கு வாசித்த நாதஸ்வரக்காரர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் மேடை ஓரமாக வந்து, தாஸின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாஸ் வேகத்தைக் குறைத்தான். கம்பியை அழுத்தி, அழுத்திய விரலாலேயே அதைப் பக்கவாட்டில் தள்ளி வளைப்பான். அப்போது வருகிற ஒலி ஒரு ஸ்வரத்திலும் நிற்காது. ஆட்டம் நின்றது. விசில் நின்றது. குழந்தைகள்கூடச் சும்மா இருந்தன. என் பக்கத்தில் நின்ற கண்டக்டர், அன்றாடம் பஸ்ஸில் எல்லோரையும் விரட்டுகிற மனுஷன், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். நானும் அழுதேன்.

மணப்பெண்ணின் அத்தை ஒருவர் இருந்தார். வள்ளியம்மாள் என்று பெயர். அவர் கணவர் இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் காலையிலிருந்து சமையல் கொட்டகைப் பக்கமே நின்றார். சொந்த அண்ணன் மகள் கல்யாணம். பந்தலுக்குள் காலை வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாத ஊர். அந்த அம்மாள் நடந்து வந்தார். பந்தலுக்குள், நாற்காலிகளுக்கு நடுவே, எல்லோரும் பார்க்க வந்து, மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மணப்பெண் எழுந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள்.

“நல்ல நாளும் அதுவுமா! ஊட்டு வாசல்ல ஒப்பாரியாடா வெக்கிறீங்க?” என்று பெண்ணின் அப்பா கத்தினார். யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கினார்கள். பந்தல் இருண்டது. தாஸின் விரல் கம்பியில்தான் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த இருட்டில் வள்ளியம்மாளின் குரல் மட்டும் வந்தது. “ஏம்பா நிறுத்திட்டாங்க? மீதி?”

வீடு திரும்பும்போது அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். பயம் என்று நினைத்தேன். “மீதி கேட்டாங்கப்பா. கேட்டியா நீ? மீதி கேட்டாங்க,” என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இது அதோடு போயிருக்கும். பெண் வீட்டார் வெளியே சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத்தான் அவமானம். அடுத்த முகூர்த்த மாதத்துக்கு விளம்பரம் வேண்டும் என்று குழுத்தலைவர் என்னைத் துணிப் பேனர் எழுதச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. என் நண்பனின் வித்தையை ஊர் அறியவேண்டாமா? வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தில், ‘கல்லையும் அழவைக்கும் கிட்டார் - அருள்தாஸ்’ என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், அந்தக் கல்யாணத்தில் அத்தை அழுததையும் பெண் அழுததையும் டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். குழுத்தலைவர் பார்ப்பதற்கு முன்பே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நானே ஏணி போட்டுக் கட்டினேன். கூறைப் புடவை எடுக்க வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிற குடும்பத்தின் கண்ணில் முதலில் படுவது அந்த ‘அழ’. பட்டுக் கடைக்காரர்கள் ஆள் அனுப்பி மூன்றாம் நாள் அதை அவிழ்த்தெறிந்தார்கள். ஆனால் மூன்று நாள் போதுமே. பேசிவைத்த கல்யாண வீடுகள் ஒவ்வொன்றாக, “கச்சேரி வையிங்க, அந்த அழுகுணி கிட்டாரு மட்டும் வாணாம்,” என்றன. குழுத்தலைவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது. தாஸை நிறுத்திவிட்டார்.

நான் செய்யாத முயற்சி இல்லை. ‘மங்கல இசை’ என்று புதுப் பேனர் எழுதிக்கொண்டு கல்யாண வீடுகளின் வாசலில் நின்றேன். அவன் பெயரைப் பார்த்ததும் கதவை மூடினார்கள். சில வீடுகளில் காலில் விழுந்தேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, விழுந்தேன். தாஸ் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். “நீ எழுதினது பொய் இல்லியேப்பா,” என்றான்.

முசரவாக்கத்திலிருந்து ஒருமுறை இரண்டு பேர் அவனைத் தேடி வந்தார்கள். சாவு வீடு. அழவைக்கிற ஆள் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். மேரி வேண்டாம் என்றாள். வீட்டில் இருந்த நிலைமைக்கு அவன் போனான். அந்தத் தெருவில் அப்போது மின்சாரம் இல்லை. பறைச் சத்தத்துக்கு நடுவே அந்தக் கிட்டார் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்டிருக்கும். திரும்பி வந்து, “கண்ணால ஊட்ல கரண்ட்டு இருக்குது, நான் வாணாம். சாவு ஊட்ல நான் வேணும், கரண்ட்டு இல்லை,” என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதன்பின் அவன் வெளியே எங்கும் வாசிக்கவில்லை. குடிக்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான்.

ஆஸ்பத்திரியில் கண் முழுக்க மஞ்சளாகப் படுத்திருந்தான். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டான். “அந்த அத்தையைக் கூட்டியாப்பா. மீதியை வாசிச்சுக் காட்டிடறேன்.” வார்டில் ஆம்ப்ளிஃபயர் வைக்க விடமாட்டார்கள் என்றேன். “கிட்ட குந்திக்கினு கேக்கட்டும், ஒருத்தர்தானே,” என்றான். வள்ளியம்மாள் இருப்பது செவிலிமேட்டில். டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். முகூர்த்தத்துக்குள் போர்டு வேண்டும் என்று கடைக்காரர் நெருக்குகிறார், ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன் என்று சொன்னேன். என்ன போர்டு என்று கேட்டான். சொன்னேன். “நல்லாப் பெருசா எழுதுடா,” என்றான். வெள்ளிக்கிழமை போய்விட்டான்.

ஏணியிலிருந்து இறங்கி நேராகச் செவிலிமேட்டுக்குத்தான் போனேன். கூப்பிட வேண்டிய நாளில் கூப்பிடாமல், செய்தி சொல்லப் போனேன். வள்ளியம்மாள் அப்படியே என்னோடு பஸ் ஏறினார். ஐயம்பேட்டையில், பெட்டி மூடுவதற்கு முன், மேரி கிட்டாரை எடுத்து வந்து அவன் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. எழுத்துப் பக்கம் உள்ளே இருந்தது. துணிக்குள்ளிருந்து சிவப்பு எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. என் பிரஷ்ஷை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எனக்குத் தெரியும். “ஆறு வருசமா இதான் ஒறை. குப்பைத்தொட்டிலேர்ந்து எடுத்தாந்தாரு. மாத்துன்னா மாத்தவே மாட்டாரு,” என்றாள் மேரி.

வள்ளியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. “இன்னா எழுதிக்கீது?” என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் நான் அதை வாய்விட்டுப் படித்தேன். எதற்காக எழுதினேன், அதனால் என்ன ஆனது என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் தாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசத்தைத்தானே எழுதிக்கீறே. கண்ணாலத்துக்கு வர்றவங்ககிட்டவா அதைக் காட்டுவே? என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா? எங்க ஊட்ல கரண்ட்டு இருக்குதே,” என்றார்.

கிட்டார் மேரியிடம் இருக்கிறது. உறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் துணியும், அவன் வாசிக்காமல் போன மீதியும்தான். போன ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டுக்குப் போனேன். வள்ளியம்மாள் கூடத்துச் சுவரைக் காட்டினார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ப்ளக் பாயின்ட் ஒன்று இருக்கிறது. வீடு கட்டினபோது வைத்தது, இதுவரைக்கும் எதையும் மாட்டினதில்லை என்றார்.