இடது காலெல்லாம் நான் பின்னியது

நோர்வேயின் வட கோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலைக்கு வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு பெட்டியும் எனக்குப் பெரிதான ஒரு கோட்டும்தான் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அங்கே எங்கள் ஆட்கள் கூடியிருந்து கதைக்க இடமில்லை என்று, பழைய படகுக் கொட்டில் ஒன்றைக் கூட்டிக் கழுவி மண்டபம் ஆக்கியது நான். ஒஸ்லோவுக்கு வந்தபின், ஆறு மாதத்தில் மூடுவாய் என்று சொன்னவர்களின் கண்ணுக்கு முன்னால் ஹொல்ம்லியாவில் பலசரக்குக் கடை திறந்தது நான். அந்தக் கடையில் சாமான் அடுக்கும் தட்டுகளுக்குப் பலகை அறுத்துப் பூட்டியதும் நான். தமிழ் வகுப்புக்கு மேசை கதிரை தேடிப் பிடித்தது நான். கோயிலுக்கு வந்த மயில் வாகனம் வாசலுக்குள்ளால் போகாது என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, கதவைக் கழற்றுங்கோ என்று சொன்னதும் நான்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் இப்போது எழுதப்போவது ஒருவரும் நம்பாத கதை.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். தை மாதம். கடையின் பின்பக்கம் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன், கண்ணாடிபோல் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்தேன். மூட்டை தப்பிவிட்டது. என் வலது கால் முறிந்துவிட்டது. முழங்கால் வரைக்கும் பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கடையை மச்சான் பார்த்தான். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. விடியும் முன்னர் ரயில் ஏறினால் பின்னேரம்தான் வருவாள். மகள் பல்கலைக்கழகம். எனக்கு ஜன்னலும், அதற்கு வெளியே பனி சுமந்த கார்களும்தான் மிச்சம். சும்மா இருந்து பழகாத மனிதனுக்கு அது பெரிய தண்டனை.

அந்தக் குளிர்காலம் மனைவிக்குப் பின்னல் பைத்தியம் பிடித்திருந்தது. கீழ்மாடியில் இருந்த நோர்வேக்காரப் பெண் ஒரு பை நிறையக் கம்பளி நூல் கொடுத்து, வீட்டுக்குள் போடும் சப்பாத்துப் பின்னக் காட்டிக்கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் கால் விரலை மடக்கிக்கொண்டு நடப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. அவள் பின்னி முடித்த முதல் சப்பாத்தைப் பார்த்தேன். என் முழங்கையில் இருந்து விரல் நுனி வரை நீளம்.

"இது மனுசருக்கோ, யானைக்கோ?" என்றேன்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. சுடுதண்ணியில போட்டால் சுருங்கும்," என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அவள் வேலைக்குப் போனபின் ஊசியை எடுத்தேன். அவள் பின்னும்போது பார்த்துக்கொண்டு இருந்ததில் கண்ணிக்குள் கண்ணி எப்படிப் போகிறது என்று பிடிபட்டிருந்தது. ஜோடியின் மற்றச் சப்பாத்தை, அவளுடைய கண்ணியை எண்ணி, அவளுடைய வரியை எண்ணி, அதே அளவுக்கு நானே பின்னி முடித்தேன். சொல்லாமல் அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் வந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டையும் வோஷிங் மெஷினுக்குள் போட்டாள்.

வெளியே எடுத்தபோது அவளுடையது அடர்ந்து தடித்து, ஒரு காலுக்கு அளவாக வந்திருந்தது. என்னுடையது கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். பிறகும் படகு மாதிரியே கிடந்தது.

அவள் அதைத் தலையில் தொப்பிபோல் போட்டுக்காட்டிச் சிரித்தாள். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கயிறு முறுக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பின்னியிருக்கிறியள். கண்ணிக்குள்ளை இடம் இருந்தால்தானேயப்பா சுருங்கும்."

அடுத்த நாள் எனக்கு மட்டும் தடித்த ஊசி வாங்கி வந்தாள். ஆளுக்கு ஒரு கால் என்று பிரித்தோம். வலது அவளுக்கு, இடது எனக்கு. பின்னும்போது இடது வலது இல்லை, இரண்டும் ஒன்றுதான். மெஷினில் இருந்து எடுத்து, ஈரத்தோடு காலில் போட்டு நடந்தால்தான் அது காலின் வடிவத்துக்கு வரும். எனக்கு நல்ல கால் இடது கால் ஒன்றுதான். அதனால் இடது எனக்கு வந்தது. ஊன்றுகோலோடு ஈரச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் நான் போய்வர, அவள் வலது காலோடு பின்னால் வருவாள். பெரிய அளவென்றால் உள்ளே துணி அடைத்துக்கொள்வோம்.

அந்த மாலைகளை நான் இன்றும் நினைப்பதுண்டு. ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். ஒரு விளக்கு, தேத்தண்ணி, இரண்டு பேர், நான்கு ஊசி. கலியாணம் கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலையைப் பக்கத்தில் இருந்து செய்தது குறைவு. நான் ஒரு பக்கம் ஓடுவேன், அவள் ஒரு பக்கம் ஓடுவாள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். கடையை நினைத்துக்கொண்டு பின்னினால் என் கண்ணி இறுகிவிடும். ஊரில் இருந்து யாராவது போன் எடுத்துச் செய்தி சொன்னால் அந்த இரண்டு வரியும் கல்லுப்போல் இருக்கும். வாசலில் அவள் காலை உதறிப் பனி கொட்டும் சத்தம் கேட்டபின் பின்னிய வரிகள் தானாகவே இளகியிருக்கும். மெஷினில் போட்டு எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். மாசி முடியும் முன்னர் என் இடதும் அவளுடைய வலதும் ஒரே அளவில் சுருங்கத் தொடங்கின. கூடை நிறையச் சேர்ந்தது.

பங்குனியில், மகள் தானே விரும்பி வைத்திருந்த பையனின் தாய் தகப்பன் பக்கத்து நகரமான திராமனில் இருந்து வந்தார்கள். வாசலில் கூடையை நீட்டினோம். தாய்க்காரி போட்டுப் பார்த்து, "ஐயோ, என்ன சூடு, என்ன மெத்தை. அக்கா, இதெல்லாம் உங்கடை கையோ?" என்று கேட்டா. மனைவி சிரித்துக்கொண்டே அடுப்பில் வடை இருக்கிறது என்று குசினிக்கு ஓடிவிட்டாள்.

நான் தகப்பனோடு இருந்து கதைத்தேன். பாட்ஸ்பியோர்ட் மண்டபம், கடை, கதிரை மேசை, மயில் வாகனம் எல்லாம் முறையாகச் சொன்னேன். சம்பந்தி ஆகப்போகிறவர், யாரோடு கலக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? கடைசியில் அவருடைய காலைக் காட்டி, "இந்த இடது கால் நான் பின்னினது," என்றேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அண்ணை, கடையும் நீங்கள், கோயிலும் நீங்கள், இப்ப செருப்பும் நீங்களோ? வடையையாவது அக்காவுக்கு விடுங்கோ."

தாய்க்காரியும் சிரித்தா. "உண்மையாத்தான். ஊசியைக் கொண்டாறன், பாருங்கோ," என்று நான் ஊன்றுகோலைத் தேட, "அப்பா, ஸ்லுட் நோ," என்று மகள் நோர்வே மொழியில் என்னை நிறுத்தினாள். பகல் முழுக்க வீட்டில் இல்லாத பிள்ளை. பின்னேரம் நான் ஊசியோடு இருந்ததைக் கண்டாலும் அம்மாவுக்கு நூல் பிடிக்கிறேன் என்று நினைத்திருந்தாள்.

அவர்கள் போனபின் மனைவியைக் கேட்டேன். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவள் திரும்பவில்லை. "உங்களுக்கு அது இவ்வளவு நோகுதோ?"

"ஓம், நோகுது. செய்தனான்தானே."

"கடை திறந்த நாள் துவக்கம் அஞ்சு வருசம் கல்லாவில நிண்டது ஆர்? தட்டு அறுக்கேக்கை மற்ற முனையைப் பிடிச்சது ஆர்? இண்டைக்கும் முழுக்கதையும் சொன்னனீங்கள். அதில நான் எங்கை நிண்டனான்?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் இருந்து, தன் ஊசியை எடுத்தாள். நானும் என்னுடையதை எடுத்தேன். அன்று பின்னிய வரிகள் எப்படிச் சுருங்கின என்று கேட்காதீர்கள்.

கலியாணம் நடந்தது. இப்போது மகளின் திராமன் வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள். அந்தப் பழைய சப்பாத்துகளில் இரண்டு ஜோடி அங்கே வாசலில் இன்னும் கிடக்கின்றன. போன மார்கழி போயிருந்தபோது பெரியவள் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது அம்மம்மா செய்தது," என்று எனக்கே சொன்னாள். தூக்கிக் காட்டியது இடது கால்.

ஆகவே எழுதி வைக்கிறேன். ஹொல்ம்லியாக் கடை என் மனைவியும் நானும் சேர்ந்து கட்டியது. கல்லாவில் நின்றது அவள், தட்டின் மற்ற முனையைப் பிடித்தது அவள். இனி அந்தக் கதையை நான் சொன்னால் அப்படித்தான் சொல்வேன். என் பங்குக்கு நான் சொல்லிவிட்டேன். இனி மகளே, உன் பங்கு. உன் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசலில் இருத்தி, வலது காலைக் காட்டி அம்மம்மா என்று சொல். இடது காலைக் காட்டி அம்மப்பா என்று சொல். சம்பந்தி பக்கத்தில் இருந்தால் அவருக்கும் கேட்கும்படி சொல்.