நான் துப்புரவாக்கிய தட்டம்

1. விசிறி நின்ற நாள்

யேமன் சாப்பாட்டுக் கடையிலிருந்து அழைப்பு வந்தபோது நானும் ரஞ்சனும் அன்றைய வேலையை முடித்து வானை வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தோம். அந்தக் கிழமை எங்களுக்கு நோட்டீன்ஸ்ட், அதாவது அவசர வேலை முறை. போன் அடித்தால் எடுக்கத்தான் வேண்டும்.

"கூல்ரூம் வேலை செய்யேல்லை. உள்ளுக்கு முழுக்க ஆட்டிறைச்சி. நோன்பு மாதம், பொழுதுபட்டா கடை நிறைய ஆக்கள் வந்திடுவினம். உடன வாங்கோ" என்றார் முதலாளி யஹ்யா. அவருடைய ஜெர்மன் என்னுடையதைப் போலவே அரைகுறை. அதனால் எங்களுக்குள் நன்றாக விளங்கும். அவர் சொன்னதை என் தமிழில்தான் இங்கே தருகிறேன்.

நான் ஸ்டுட்கார்ட்டில் குளிர்சாதனம் திருத்தியே தலை நரைத்தவன். ரஞ்சன் என்னோடு சில வருடங்களாக வேலை செய்கிறவன், பிள்ளைகுட்டிக்காரன். அவன் சேர்ந்த புதிதில் நான் சொல்லிவைத்தது ஒன்றுதான்: "மெசினைத் திருத்துறது பாதி வேலை. இடத்தைத் துப்புரவாக்கிப்போட்டு வெளிக்கிடவேணும். அப்பதான் திரும்பவும் எங்களைக் கூப்பிடுவினம்." அந்தப் பெருமைதான் அன்றைக்கு என் மானத்தை வாங்கியது.

உள்ளே விசிறி மோட்டார் எரிந்து, அதன் பின்னாலிருந்த குழாய்கள் முழுக்கப் பனி இறுகியிருந்தது. நல்லகாலம், வானில் அதே மோட்டார் ஒன்று கிடந்தது. ரஞ்சன் பனியை உருக்க, நான் மோட்டாரை மாற்றினேன். தலைமைச் சமையற்காரர் சாலிஹ், என் வயதுக்காரர், இறைச்சிப் பெட்டிகளைச் சுற்றி ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் குடியாமல் அடுப்படியில் நின்ற மனிதர். எங்களுக்கு மட்டும் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

விசிறி சுற்றி, வெப்பநிலை இறங்கத் தொடங்கியதும் சாலிஹ் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

2. ஒரே தட்டம்

பொழுதுபட்டது. சமையற்கட்டில் நின்றவர்கள் ஆளுக்கொரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்தார்கள். சுருக்கமாகத் தொழுதுவிட்டுத் திரும்பவும் பரிமாற ஓடினார்கள். கடை நிரம்பி வழிந்தது.

நான் கருவிப்பெட்டியை மூடினேன். யஹ்யா விடவில்லை. "இந்த நேரத்தில சாப்பிடாமல் போனா எனக்குத்தான் குறை" என்று பின்னறைக்குக் கூட்டிப்போனார். தரையில் கம்பளம், சுவரோரம் சாய்மெத்தைகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. சாலிஹ் பெரிய தட்டம் ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கிவந்து வைத்தார். மந்தி, அவர்களுடைய விருந்துச் சாப்பாடு. மஞ்சள் சோறு, மேலே எலும்பிலிருந்து தானாகக் கழலுகிற ஆட்டிறைச்சி. பக்கத்தில் சூப், தேசிக்காய், தக்காளியும் பச்சைமிளகாயும் அரைத்த சம்பல். அதை வாயில் வைத்தால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அரபி படித்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ. நாங்கள் பிறகு" என்று சொல்லிவிட்டு சாலிஹ் போனார். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"அண்ணை, வேற வேற சாப்பாட்டுக் கோப்பை கேப்பமோ?" என்று ரஞ்சன் என் காதுக்குள் கேட்டான்.

"பேசாமல் சாப்பிடு. மரியாதையில்லாமல் போயிடும்" என்றேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் கூசியது. என் பக்கத்துச் சோற்றை மட்டுமே அள்ளினேன். யஹ்யா தன் கையால் நல்ல இறைச்சியாகப் பிய்த்துப் பிய்த்து என் முன்னால் வைத்தார். கல்லாவிலிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

வயிறு நிரம்பிய பிறகும் பாதிச் சோறும் இறைச்சியும் அப்படியே இருந்தன. எங்கள் பழக்கத்தில் கைபட்ட சோறு எச்சில். அதை இன்னொருவர் தொடமாட்டார், குப்பைக்குத்தான் போகும். அவர்களுக்கு வேலை வைக்கக்கூடாது என்று எலும்பு, பிழிந்த தேசிக்காய்த் தோல், கை துடைத்த கடதாசி எல்லாவற்றையும் சோற்றின்மேல் குவித்தேன். மிஞ்சிய சூப்பையும் அதற்குள் ஊற்றினேன். விரிப்பைத் துடைத்த ஈரக் கடதாசியையும் போட்டேன்.

"பாத்தியே, இப்பிடித்தான் குடுக்கவேணும்" என்று ரஞ்சனுக்குச் சொல்லிவிட்டுத் தட்டத்தை நானே சமையற்கட்டுக்குத் தூக்கிப்போனேன்.

அங்கே சாலிஹும் இன்னும் இரண்டு பேரும் கை கழுவிவிட்டு, தரையில் துணி விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டம் வைக்க இடம் விட்டிருந்தது. வெறுமையான மந்திச் சட்டி கழுவும் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

3. பரவாயில்லை

ஒருவன் அரபியில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாலிஹ் கையைக் காட்டி நிறுத்தினார். யஹ்யா வந்து எட்டிப் பார்த்தார். முகம் ஒரு கணம் மாறியது.

"வேற சோறு இருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது. இண்டைக்கு நல்ல சனம். விருந்தாளி சாப்பிட்ட பிறகு அதே தட்டத்திலதான் நாங்கள் இருக்கிறது. பரவாயில்லை, பரவாயில்லை."

யஹ்யா ஒவ்வொரு தடவை பரவாயில்லை என்றபோதும் நான் கூனிக்குறுகினேன். வெளியே போய் ஏதாவது வாங்கி வருகிறேன் என்றேன். சாலிஹ் சிரித்து மறுத்தார். "ரொட்டி இருக்கு. நீங்கள் எங்கட இறைச்சியைக் காப்பாத்தித் தந்தனீங்கள்." பிறகு தட்டத்தின் ஓரத்தில் நனையாமல் கிடந்த ஒரு துண்டு இறைச்சியைக் கண்டுபிடித்து, இரண்டாகப் பிய்த்து மற்ற இருவருக்கும் கொடுத்தார். தான் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

வானில் ஏறியதும் ரஞ்சன் சொன்னான்: "எங்கட எச்சிலை அவை சாப்பிடுவினம் எண்டு ஆர் அண்ணை கண்டது?"

ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கு அதுதான் குத்தியது. நான் கை வைத்த சோற்றில் சேர்ந்து உண்ண அந்த மனிதர்கள் பசியோடு காத்திருந்தார்கள். நானோ கூசிக் கூசிச் சாப்பிட்டுவிட்டு அதைக் குப்பை என்று தீர்மானித்து, குப்பையாக்கியும் கொடுத்தேன். தெரியாமல் செய்த பிழை என்று வெளியே சொல்லலாம். அந்தக் கூச்சம் தெரியாமல் வந்ததல்ல.

அடுத்த பராமரிப்பு வேலைக்கு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, நானே போனேன். நோன்பு முடிந்து சில கிழமை, மதிய நேரம். சாலிஹும் மற்றவர்களும் தட்டத்தைச் சுற்றி இருந்து பாதி சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சாலிஹ் ஒரு பக்கமாக அரக்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். நாலு பக்கமும் கை கிண்டிய சோறு. முதல் பிடி இறங்கச் சங்கடப்பட்டது, பொய் சொல்லக்கூடாது. பிறகு இறங்கியது.

எழும்ப முதல், "இன்னும் ஆராவது சாப்பிடவேணுமோ?" என்று கேட்டேன். நான் ஓரமாக வைத்திருந்த எலும்புகளைச் சாலிஹ் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது மடல் எரிய எரிய.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மற்றவன் இடத்தைத் துப்புரவாக்க முதல் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

கல்லாவிலிருந்து யஹ்யா வந்தார். நான் எழும்பிய இடத்தில் உட்கார்ந்து, நான் கை வைத்த பக்கத்திலிருந்தே அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். நான் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கூல்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பராமரிப்பு வேலையைத் தொடங்கினேன்.