அனாதைக் கஞ்சி

உப்பள முதலாளி செந்தூர்பாண்டிக்கு இரக்கம் வந்த வருஷத்தில்தான் இசக்கித்தாய் செத்துப்போனாள். ஒரு தடவை அல்ல. தினமும் மத்தியானம் கஞ்சி ஊற்றுகிற நேரத்தில் சாவாள். சாயங்காலம் அவருக்கு உப்புச் சுமந்து முடித்துக் கூலிக்கு நிற்கும்போது உயிரோடுதான் இருப்பாள். இந்தக் கூத்து எப்படி நடந்தது என்பதை முதலிலிருந்தே சொன்னால்தான் விளங்கும்.

ஆத்தூருக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில் பிறந்தவள் அவள். மந்திரமூர்த்திக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தாள். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பெரிய கப்பல் கரைக்கு வராது, கடலுக்குள் வெகுதூரத்தில் நிற்கும். தோணியில் சரக்கைக் கொண்டுபோய் அங்கே ஏற்ற வேண்டும். ஒருநாள் பஞ்சுப் பொதி ஏற்றும்போது ஓர் அலை தோணியைத் தூக்கிக் கப்பலின்மேல் அடித்தது. இரண்டுக்கும் நடுவில் மந்திரமூர்த்தி இருந்தான். பொதிக்குச் சேதமில்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது, அவனைத் தவிர. அவன் செத்தது காலை வேளை என்பதால் அரைநாள் கூலியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நாணயமான மனிதர்கள், அதில் தம்படி குறைக்கவில்லை.

கைப்பிள்ளையோடு இசக்கித்தாய் செந்தூர்பாண்டியின் உப்பளத்துக்கு வேலைக்கு வந்தாள். ஆண்கள் பாத்தியில் விளைந்த உப்பை வாருபலகையால் இழுத்து வரப்பில் குவிப்பார்கள். பெண்கள் அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்ட வேண்டும். ஈர உப்பின் தண்ணீர் நெற்றி வழியே இறங்கிக் கண்ணுக்குள் போகும். கால் வெடிப்பில் உப்பு ஏறினால் உச்சந்தலை வரை எரியும். உப்பு வெள்ளையாக இருந்தால் போதாது, பளபளக்கவும் வேண்டும் என்பார் முதலாளி. அதைச் சுமக்கிறவளின் கண் எந்த நிறத்தில் இருந்தாலும் அவருக்கு ஆட்சேபணை கிடையாது.

அப்போது சண்டைக் காலம். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு பர்மா அரிசி நின்றுபோயிற்று. அரிசி விலை ஏறியது, கேப்பை விலை ஏறியது, உப்பு விலையும் ஏறியது. ஏறாமல் அடக்க ஒடுக்கமாக இருந்தது கூலி ஒன்றுதான். இசக்கித்தாய் பொழுது முழுக்கச் சுமந்தால் ஒரு வயிற்றுக்கு ஒரு வேளை காய்ச்சலாம். வீட்டில் இருந்ததோ இரண்டு வயிறு. மகள் முத்துக்கனிக்கு ஏழு வயது முடிந்திருந்தது. பார்த்தவர்கள் நாலு என்றார்கள். தலைமுடி செம்பட்டை பாய்ந்து, வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் ரோட்டோரங்களில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துத்தான் முதலாளிக்கு இரக்கம் வந்தது. பக்கத்து அளத்துக்காரர் கோயிலுக்கு மண்டபம் கட்டி ஊரில் பேர் வாங்கிவிட்டதும் ஒரு காரணம் என்று சில பொல்லாத வாய்கள் சொல்லின. அளத்தை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டு, அனாதைப் பிள்ளைகளுக்குத் தினமும் மத்தியானம் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். பெரிய அண்டாவில் கேப்பையைக் கொஞ்சமாகப் போட்டு இரக்கத்தை நிறைய ஊற்றிக் காய்ச்சினார்கள். உப்பு மட்டும் தாராளம், சொந்தச் சரக்கு அல்லவா!

கஞ்சி அனாதைகளுக்கு மட்டும்தான். அப்பனோ ஆத்தாளோ உள்ள பிள்ளைக்கு ஊற்றினால் பெற்றவர்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது முதலாளியின் அபிப்பிராயம். கூலியைக் கூட்டினாலும் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பதும் அவர் அபிப்பிராயந்தான். ஆகமொத்தம், வயிறாரச் சோறு தின்றால் மனிதர்கள் கெட்டுப்போவார்கள் என்று பயந்தார். அந்த ஆபத்தைத் தம் வீட்டோடு வைத்துக்கொண்டார்.

பிள்ளைகளை விசாரித்து உள்ளே விடுவது கணக்கப்பிள்ளை கிருபாநிதியின் பொறுப்பு. அளத்துக்குப் பெண்களை வேலைக்கு எடுப்பதும் அவர்தான். எந்தப் பிள்ளை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வரிசையில் தலை கூடினால் முதலாளி வீட்டிலிருந்து கேப்பை கூடுதலாக வரும். வருவதில் பாதி கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போகும். ஆகவே வாயால் "அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை" என்று சொன்னால் போதும், அவருக்குக் கண் தெரியாது.

சுடலைமாடத்தி என்று பக்கத்து வீட்டிலிருந்து கூட வேலைக்கு வருகிறவள் தன் பிள்ளைகள் இரண்டையும் வரிசையில் நிறுத்திவிட்டு இசக்கித்தாய்க்கும் வழி சொன்னாள். முத்துக்கனிதான் முரண்டு பிடித்தாள்.

"நீ இங்கன இருக்கியே, செத்துட்டன்னு எப்படிச் சொல்லுவேன்? நான் மாட்டேன்" என்று அழுதாள்.

"ஏளா, கூறுகெட்டவளே! உசுரோட இருக்கவளச் செத்துட்டான்னு சொன்னா அவளுக்கு ஆயுசு கூடும். ஊர்ல யார வேணும்னாலும் கேட்டுப் பாரு" என்றாள் இசக்கித்தாய்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீ சொல்லச் சொல்ல அம்மைக்கு ஆயுசு கெட்டி."

அவள் ஒன்றும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஒருவர் செத்துவிட்டதாகப் பொய்ச் சேதி வந்தால் அவருக்கு ஆயுசு கூடிவிட்டது என்று பேசிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். முத்துக்கனி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மறுநாள் முதல் கொட்டகையில் அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டது. "ஆத்தா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டு முடிப்பதற்குள், "செத்துட்டா! நெசமாவே செத்துட்டா!" என்று கத்துவாள். ஒரு தடவை கேட்டால் இரண்டு தடவை சொல்லுவாள். உப்புப் பெட்டியோடு அந்தப் பக்கம் போகிற இசக்கித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த நாட்களில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான். பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

வினை முதலாளியம்மா வடிவத்தில் வந்தது. ஒருநாள் கஞ்சி ஊற்றுவதைப் பார்க்க வந்தவள், தாய் செத்ததை இவ்வளவு உருக்கமாகச் சொல்லுகிற பிள்ளையைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். மதுரையில் அவள் தங்கச்சிக்குக் கைக்குழந்தை. தூக்கிவைத்துக்கொள்ள ஒரு சின்னப் பெண் தேவையாக இருந்தது. அனாதைதானே, யாரைக் கேட்க வேண்டும்? ஊருக்குப் போகணும், ஆத்தாளைப் பார்க்கணும் என்று நச்சரிக்காது, சம்பளமும் கேட்காது. இதைவிடத் தோதாக எங்கே கிடைக்கும்!

உப்பு இலாகாத் துரை ஒருவர் கஞ்சிக் கொட்டகையைப் பார்வையிட வருகிற நாளில், அவர் முன்னாலேயே பிள்ளையைக் காரில் ஏற்றி அனுப்பக் குறித்திருந்தார்கள். புதுப் பாவாடை கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி முத்துக்கனியை நிறுத்தியிருந்தார்கள். சுடலைமாடத்தி ஓடிவந்து சேதி சொன்னாள். இசக்கித்தாய் தலையிலிருந்த பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கொட்டின உப்பைப் பார்த்துப் பின்னால் வசவு கேட்டது.

"மொதலாளி, அது எம்பிள்ள! அதக் கொண்டு போவாதீய!"

"யாருய்யா இவ?" என்று முதலாளி கணக்கப்பிள்ளையைக் கேட்டார். வருஷக்கணக்காகத் தம் உப்பைச் சுமக்கிறவளைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி.

"தெரியல முதலாளி. பிள்ளைக்குப் புதுத்துணி கிடைச்சதும் உரிமை கொண்டாட வந்துட்டா போல" என்றார் கிருபாநிதி.

துரை பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு நியாயவானாக வேண்டியிருந்தது. "பிள்ளையவே கேட்டுருவோம். ஏளா குட்டி, இவ யாரு? ஒங்கம்மையா?"

முத்துக்கனி அம்மையைப் பார்த்தாள். கார் எங்கே போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை பெரிய கூட்டத்தில், வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால், அம்மைக்கு ஆயுசைக் கூட்டிக்கொடுக்க வந்த சந்தர்ப்பத்தை விடுவாளா?

"எங்கம்ம செத்துட்டா! எப்பமோ செத்துட்டா!"

கத்திவிட்டு, சரியாகச் சொன்னேனா என்கிறதுபோல அம்மையைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை தன்மேல் வைத்திருக்கிற பாசம் முழுவதையும் இசக்கித்தாய் காதாரக் கேட்டாள். அதனாலேயே பிள்ளை கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற பெண்களிடம் திரும்பினாள். "யக்கா, நீ சொல்லுக்கா! நீதான எனக்குப் பேறுகாலம் பாத்த!"

சுடலைமாடத்தி குனிந்து தன் கால் வெடிப்பைப் பார்த்தாள். மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் தங்கள் பிள்ளைகளின் கஞ்சியும் போய்விடும். அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போன தாய்மார்கள்.

கார்க் கதவைத் திறந்தார்கள்.

"யாரும் சொல்ல மாட்டீயளா? அப்பம் நானே சொல்லுதேன்" என்று இசக்கித்தாய் கூவினாள். "மொதலாளி, அந்தா மூக்கொழுகிக்கிட்டு நிக்கானே, அவன் சுடலைமாடத்தி மவன். அதுக்கு அடுத்தாப்புல நிக்கதும் அவ பிள்ளதான். இங்கன நிக்க பிள்ளையளுக்கெல்லாம் அம்ம உண்டு. எல்லாரும் ஒங்களுக்குத்தான் உப்புச் சொமக்கோம்!"

"பொய்! பொய்!" என்று கணக்கப்பிள்ளை குதித்தார். ஆனால் சுடலைமாடத்தி முகத்தில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்ததைப் பார்த்ததும் அந்த மூக்கொழுகி வரிசையை விட்டு ஓடிவந்து அவள் சேலைக்குள் புகுந்துகொண்டான். ஒன்று ஓடினால் போதாதா? அத்தனையும் ஓடின. ஒவ்வொன்றும் தன் தாயின் காலைக் கட்டிக்கொண்டது. அந்தக் களேபரத்தில் இசக்கித்தாய் கார்ப் பக்கம் ஓடி முத்துக்கனியை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வரிசையில் நாலைந்து பிள்ளைகள் மட்டும் தட்டோடு நின்றார்கள். அவர்களுக்கு ஓடுவதற்கு இடம் இல்லை.

"அடிப்பாவிகளா! அனாதைக் கஞ்சியத் திருடித் தின்னுருக்கீகளே!" என்று முதலாளி நெஞ்சில் கைவைத்தார். தம் அளத்தில் வெயிலில் வேகிற பெண்கள் பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சிக்காக ஏன் சாக வேண்டியிருக்கிறது என்று அரை நிமிஷம் யோசித்திருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும். அந்தக் கெட்ட பழக்கம் அவர் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. என்ன நடக்கிறது என்று துரை கேட்டபோது சமாளித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் ஊரில் அனாதைகளே கிடையாது, இப்போதுதான் தெரிந்தது என்றார். துரை மெச்சிக் கைகுலுக்கினார்.

மறுநாளே கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். மழைக்காலம் வருகிறது, உப்பு அம்பாரத்தை மூட ஓலை வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். உப்பு நனையக்கூடாது பாருங்கள். நிஜ அனாதைகள் நாலைந்து பேரும் தட்டோடு வந்து, வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இசக்கித்தாயின் வேலையும் போயிற்று. செத்தவளுக்கு எப்படி வேலை கொடுப்பது என்று கிருபாநிதி நையாண்டி செய்தார். அதைத் தாங்கிக்கொண்டாள். வழியில் மறித்துச் சுடலைமாடத்தி கேட்டதுதான் தாங்கவில்லை.

"நீ ஒம்பிள்ளைய மீட்டுட்ட. எம்பிள்ளையளுக்கு இப்பம் நான் என்னத்த ஊத்த?"

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதற்காகச் சுடலைமாடத்தியை வைய அவளுக்கு வாய் வரவில்லை.

பிறகு கருவாட்டுச் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் மீன் அலசப் போனாள். கிடைக்கிற நாளில் வேலை, கிடைக்காத நாளில் கொடிக்கீரை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் கீரைத் தண்ணீரை மகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுப் பாவாடையை முதலாளி வீட்டார் அன்றைக்கே உருவிக்கொண்டார்கள். முத்துக்கனி பழைய கந்தலைத்தான் சுற்றியிருந்தாள்.

"எம்மா, மதுரையில நெல்லுச் சோறா போடுவாவ?"

"அப்படித்தான் சொன்னாவ."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

முத்துக்கனி சட்டியின் அடியை விரலால் வழித்து நக்கினாள். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு அம்மையின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அப்பம் அன்னைக்கு நீ ஏம்மா ஓடிவந்த?"