கட்டி கரைக்கிற மாத்திரை

டெல்லி முனிர்காவில் ஒரு பெண் செத்துப்போனாளாம். மாதவிலக்கில் ரத்தம் கட்டி கட்டியாகப் போனதாம். அதில் ஒரு கட்டி வழி தவறி மேலே ஏறி நெஞ்சை அடைத்துவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பொன்னியின் நாத்தனார் அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிறாள். அவளுக்கு யாரோ சொல்ல, அவள் பொன்னிக்குச் சொல்ல, திரிலோக்புரியில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்ற சாந்தகுமாரியின் காதில் அது வந்து விழுந்தது.

"கண்ணால பாத்தது யாருடி?"

"பாத்தாத்தான் சாவா? ஒம் பொண்ணுக்கும் கட்டியாப் போவுதுன்னியே, அதுக்காவ சொன்னேன். நம்பாட்டிப் போ."

நம்பாமல் இருக்க சாந்தகுமாரியால் முடியவில்லை. அவளுக்கு இருப்பது உமாமகேஸ்வரி ஒருத்திதான். டெல்லியிலேயே பிறந்து, துணிக்கடையில் நின்று சம்பாதிக்கும் பெண். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதிகம். பல் பிடுங்கிய அன்று தலையணை முழுக்க நனைந்தது. வெயில் பட்டால் மூக்கில் கொட்டும். சூட்டு உடம்பு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்ததோடு சரி. சாந்தகுமாரிக்கும் மாதாமாதம் அப்படித்தான், அவளைப் பெற்றவளுக்கும் அப்படித்தான். பெண் என்றால் இவ்வளவு போகும் என்றே அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள். இதையெல்லாம் யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

இந்த முறை ஈரல் துண்டு போலக் கட்டிகள் விழுந்தன. அப்போதுதான் மாத்திரை ஞாபகம் வந்தது.

மயூர் விஹாரில் மஹாலட்சுமி மாமி வீட்டில்தான் சாந்தகுமாரிக்குப் பல வருஷமாக வேலை. காலில் ரத்தம் உறைந்துபோன மாமாவுக்கு, ஞாயிறு தவறாமல், கிழமைக்கு ஒரு மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போடுவதும் அவள்தான். "அந்தச் சின்ன பிங்க் மாத்திரையை மட்டும் மறந்துடாதேடி. ரத்தம் கட்டாம அதுதான் அவரைக் காப்பாத்திண்டிருக்கு" என்பாள் மாமி. மாமா போன பிறகு, "இதெல்லாம் என் கண்ணுல படவே வேண்டாம், குப்பையில போட்டுடு" என்று டப்பாவைக் கையில் திணித்தாள். மற்றதை எல்லாம் கொட்டினாள் சாந்தகுமாரி. உயிர் காக்கிற மாத்திரையைக் கொட்ட மட்டும் மனம் வரவில்லை. டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"எக்ஸ்பைரி பாத்தியா மா?" என்றாள் உமா.

"மாமா இதைச் சாப்ட்டுத்தான் அத்தினி வருசம் இருந்தாரு."

"அச்சா. இப்ப எங்க இருக்காரு?"

"வாயடிக்காத. முழுங்கு, ஜல்தி."

இரண்டு மூன்று நாளில் கட்டி நின்றுவிட்டது. சாந்தகுமாரி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். கட்டி இல்லை, தண்ணீர் போல மெல்லிசாகத்தான் போகிறது என்று பொன்னியிடம்கூடச் சொன்னாள். கரைகிறதே என்ற சந்தோஷத்தில் மிச்சத்தையும் தினம் தினம் கொடுத்தாள். போவது மட்டும் நிற்கவில்லை. கையில் இடித்த இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. பல் விளக்கினால் வாய் சிவந்தது. இன்று காலை கடையில் துணியை உதறிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கடைக்காரர் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாந்தகுமாரிக்கும் சொல்லி அனுப்பினார்.

வார்டில் லதா என்ற நர்ஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. பாலக்காட்டுக்காரி. டாக்டர் இந்தியில் கேட்டதை அவள் தமிழில் கேட்டாள். சாந்தகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் நர்ஸ் அதை டாக்டரிடம் இந்தியில் சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"சேச்சி, வேகமாப் போனா ரத்தம் கட்டியாத்தான் விழும். அது கீழதான் போகும், நெஞ்சுக்கு ஏறாது. அது ரத்தத்தை நிறுத்தறதுக்கு உடம்பு பண்ணற வேலை."

"நிறுத்தறதுக்கா?"

"ஆமா. கிழிஞ்ச இடத்துல பொடிப்பொடியா அணு வந்து ஒட்டும். ஒட்டறதுக்கு ரத்தத்துல ஒரு பசை வேணும். அதுக்கு மேல நூல் மாதிரி வலை பின்னும். அப்பத்தான் அடைபடும். உங்க மகளுக்குப் பிறந்ததுலேர்ந்தே பசை கம்மின்னு டாக்டருக்கு சந்தேகம். உங்களுக்கும் இருக்கும். மிச்சம் இருந்தது வலை ஒண்ணுதான். மாத்திரை அதையும் பின்ன விடல."

சாந்தகுமாரி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். மாத்திரை கொடுத்தது வலது கை. தண்ணீர் கொடுத்தது இடது கை.

"மாத்திரை பேர் என்ன?"

"பிங்க் கலர்..."

"பிங்க்ல நாலு விதம் இருக்கு. ஒண்ணுக்கு மாத்து மருந்து இங்கயே இருக்கு. இன்னொண்ணுக்கு இங்க இல்ல, வெளிய தேடி அலையணும். டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுக்க முடியாது. பேர் தெரியணும், இப்பவே."

அட்டை இல்லை. டப்பா காலி. பேர் தெரிந்தவள் மாமி ஒருத்திதான்.

சாந்தகுமாரி போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டபோதுதான் உறைத்தது. "நாளைக்கு வராதேடி, அக்ஷய் ஆத்துல மாமாவுக்குத் தலை திவசம்" என்று மாமி நேற்றுச் சொல்லியிருந்தாள். மகன் அக்ஷய் வீடு குர்கானில். எந்தக் கட்டடம் என்று சாந்தகுமாரிக்குத் தெரியாது. திவசத்தன்று பிராமணாள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை மாமி போனைத் தொடமாட்டாள். மடி. சத்தத்தை அணைத்து, எங்கேயாவது ஒரு அலமாரியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பாள்.

திரைக்குப் பின்னால் டாக்டர் யாரையோ உரக்கக் கூப்பிட்டார். நர்ஸ் ஓடினாள். கட்டிலுக்கு அடியில் நனைந்த துணி இன்னொன்று வந்து விழுந்தது. உமா அம்மாவைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் முன்புவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாமி எடுத்ததும் என்ன கேட்க வேண்டும் என்பதை சாந்தகுமாரி வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். மாமி, மாமாவோட பிங்க் மாத்திரை பேரு. அவ்வளவுதான். திட்டுவதை அப்புறம் திட்டட்டும்.

மறுபடி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.